மலையில் பண்ணை வீடு: வாங்க வருவோர் ஒருபுறம், வெளியேறுவோர் மறுபுறம்

புது தில்லி: தலைநகரின் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் தப்பி, உத்தரகண்ட் மலைக் கிராமம் ஒன்றில் நிலம் வாங்கிக் காய்கறியும் ஆப்பிளும் விளைவித்து வாழலாம் என்பது தில்லியின் நடுத்தர வர்க்கம் நெடுநாளாகக் காணும் கனவு. 2020-ஆம் ஆண்டு பொது முடக்கத்தில் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி பழகிய பிறகு, அந்த ஆசை மேலும் வலுத்தது. நைனிதால் மாவட்டத்தின் முக்தேஷ்வர், ராம்கர் பகுதிகளில் பழத்தோட்டங்களுக்கிடையே விடுமுறை இல்லங்கள் முளைத்திருப்பதே இதற்குச் சாட்சி.

ஆனால், வீடு கிடைக்கலாம், பண்ணை கிடைக்காது. வெளி மாநிலத்தவர் அனுமதியின்றி வாங்கக்கூடிய நிலத்துக்கு 2003-இல் 500 சதுர மீட்டர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பி.சி. கந்தூரி முதல்வராக இருந்தபோது அது 250 ஆகக் குறைந்தது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டைவிடச் சற்றே அதிகம். 2018-இல் திரிவேந்திர சிங் ராவத் அரசு தொழில் துறைக்காக விதிகளைத் தளர்த்தியது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, புஷ்கர் சிங் தாமி அரசு 2025 பிப்ரவரியில் புதிய சட்டத் திருத்தத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. ஹரித்வார், உதம்சிங் நகர் தவிர்த்த 11 மாவட்டங்களில் வெளியார் விவசாய, தோட்டக்கலை நிலம் வாங்க அதில் தடை விதிக்கப்பட்டது. வீடு கட்டுவதற்கான 250 சதுர மீட்டரும் குடும்பத்துக்கு ஒரு முறைதான். அதற்கும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும்.

வெளியாரைத் தடுக்கும் சட்டம் உள்ளூர்வாசிகளைத் தக்கவைக்கவில்லை என்பதுதான் வேதனை. 2011-க்குப் பிறகு 734 கிராமங்கள் ஆளின்றிப் போனதாக மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. வெளியேறியவர்களில் சரிபாதிப் பேர் பிழைப்பு தேடியும், சுமார் 15 சதவீதத்தினர் கல்விக்காகவும் சென்றவர்கள்.

எஞ்சியிருப்போரின் நிலங்களும் ஓரிடத்தில் இல்லை. ஒரே குடும்பத்தின் வயல்கள் சரிவுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. பட்டாவோ பல பங்காளிகளின் பெயரில் கூட்டாக இருக்கிறது. பாசனம் பெரும்பாலும் மழையை நம்பியது. இமயமலைப் பகுதி ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றி வருவதாக நீதி ஆயோக் 2018-இல் எச்சரித்தது. இவற்றுக்கிடையே விளைந்ததையும் குரங்கும் காட்டுப்பன்றியும் விட்டுவைப்பதில்லை. 2016-இல் மத்திய அரசு இம்மாநிலத்தின் காட்டுப்பன்றிகளை ஓராண்டுக்குத் 'தீங்குயிரி' என அறிவித்து, சுட்டுக்கொல்ல அனுமதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

சிதறிய வயல்களை ஒன்றுசேர்க்க அதே 2016-இல் மலைப் பகுதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டத்துக்குக் காட்டிய வேகத்தை, இதைச் செயல்படுத்துவதில் எந்த அரசும் காட்டவில்லை.