பவளம் போல் ஒரு சிப்பி: ரிக்தோஃபீனியா

இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில், பெர்மியன் காலச் சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கும் ரிக்தோஃபீனியா, பார்வைக்குக் கொம்புப் பவளம் போலக் கூம்பாக இருக்கும். ஆனால் அது பிராக்கியோபாட் என்னும் ஈரோட்டு உயிரி. கீழ் ஓடு கூம்பாக நீண்டு தரையில் பற்றிக்கொள்ள, மேல் ஓடு வெறும் மூடியாகிவிட்டது. மூடி இருப்பது மட்டும் சான்றாகுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். டெவோனியன் காலத்துக் கால்சியோலா என்ற பவளத்துக்கும் மூடி உண்டே! அதனால்தான் உட்புறத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொம்புப் பவளத்துக்குள் நடுவை நோக்கித் தடுப்புகள் வரிசையாக நிற்கும். ரிக்தோஃபீனியாவிலோ மூடியைத் திறந்து மூடிய தசைகள் பற்றியிருந்த தழும்புகள் தெரிகின்றன. வெளிப்புற முட்கள் அதை ப்ரொடக்டிட் என்ற பிராக்கியோபாட் கூட்டத்தோடு சேர்க்கின்றன. உருவம் வாழ்ந்த முறையைக் காட்டும். உறவைக் காட்டுவது தசைத் தழும்பு, முள் போன்ற நுண் அடையாளங்களே. பெர்மியன் முடிவில், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் கூம்பு வடிவப் பரம்பரை முற்றிலும் அழிந்துபோனது.