பதாகம் பேசும் கை

பரதநாட்டியம் கற்க வரும் குழந்தை முதலில் பிடிக்கப் பழகும் முத்திரை பதாகம். நான்கு விரல்களும் ஒட்டி நிமிர்ந்திருக்கும். கட்டைவிரல் மட்டும் மடங்கி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்க்க எளிது. ஆனால் விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியாமல், தோளும் இறுகாமல் பிடிக்க நாள் பிடிக்கும்.

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்கிறது. ஒவ்வொன்றையும் எங்கெங்கே கையாளலாம் என்பதற்கு விநியோகம் என்று ஒரு பட்டியலும் தருகிறது. மேகம், காடு, ஆறு, இரவு, குதிரை, காற்று, நிலவு, கடும் வெயில், ஆசி, சத்தியம், மறுப்பு என்று பதாகத்தின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

ஒரே கை இத்தனையையும் எப்படிச் சொல்கிறது? உள்ளங்கையைக் கவிழ்த்து, மணிக்கட்டை மெல்ல அலைத்தபடி இடுப்பளவில் பக்கவாட்டில் கொண்டுபோனால் ஆறு. அதே கை தலைக்கு மேலே உயர்ந்து, பார்வையும் கூடவே போனால் மேகம். எதிரே நிற்பவரை நோக்கி உள்ளங்கை நிமிர்ந்தால் 'வேண்டாம்'. குனிந்த தலைக்கு மேல் கவிந்தால் ஆசி. வெயிலா நிலவா என்பதை முகம்தான் தீர்மானிக்கிறது: கண் கூசிச் சுருங்கினால் வெயில், குளிர்ந்து மலர்ந்தால் நிலவு. விநியோகத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் போதும் என்று சில வகுப்புகள் நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம்தான். கண் போகாத இடத்தில் கை மட்டும் போனால் அங்கே அர்த்தம் பிறப்பதில்லை.

வடிவமும் எல்லா ஆடலிலும் ஒன்றல்ல. கதகளியின் அடிப்படை முத்திரைகள் 24. அங்கே பதாகம் என்றால் மோதிரவிரல் மடங்கியிருக்கும். பரதத்தில் அதுவே திரிபதாகம்.

இன்னொன்று: அடவில், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவில், வரும் பதாகம் எதையும் சொல்வதில்லை. அங்கே அது தாளத்துக்கும் உடல்கோட்டுக்கும் உரிய அழகு மட்டுமே. வர்ணம் என்ற உருப்படியில் ஜதி என்னும் தாளச் சொற்கட்டு முடிந்து பாட்டின் அடி தொடங்கியதும், அதுவரை பேசாதிருந்த அதே கை பேசத் தொடங்கும். இந்தப் பிரிவு தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலாசானுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும்போது, ஒற்றைக்கை, இரட்டைக்கை ஆகியவற்றோடு அழகுக்கான எழிற்கையையும் செயலைக் காட்டும் தொழிற்கையையும் தனித்தனியே சொல்கிறது. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் ஒற்றைக்கை 33, இரட்டைக்கை 15 என்று கணக்கே தருகிறார். ஒன்றுக்குரிய கை இன்னொன்றில் கலந்துவிடாமல் விலக்கத் தெரிந்தவனே அந்த ஆசான் என்கிறது காப்பியம்.