எத்தனை ‘கடக்’?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. பிரிக்பீல்ட்ஸில் சாமான் வாங்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தின் சரிவில் வரிசையில் நின்றேன். கை பிரேக்கை இழுத்து, கியரை ‘என்’னில் போட்டுக் காலை எடுத்தேன். கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு தாய்! பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன்.

மறுநாள் கிள்ளானில் அப்பாவிடம் சொன்னேன். லோரி ஓட்டியவர். “லீவரை இழு, எத்தனை ‘கடக்’ வருதுன்னு எண்ணும்மா” என்றார். பதினொன்று வந்தது. கார் கையேட்டைப் புரட்டினோம். அதில் இருந்த அளவைவிட அது மிக அதிகம்.

“இத்தனை நாளா எனக்குத் தெரியலையேப்பா?”

“ஆட்டோ காரை ‘பி’யில போட்டுட்டு இறங்கிப் போனா எப்படித் தெரியும்? கியர் பெட்டிக்குள்ள இருக்கிற ஒரு சின்ன இரும்புக் கொக்கிதான் மொத்த வண்டியையும் தாங்குது.”

சாகா, மைவி போன்ற நம் ஊர் கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. லீவரை இறக்கிவிட்டு, அப்பா முதலில் டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் கேபிளை இறுக்கிப் பயனில்லை, பட்டறைக்குத்தான் போகவேண்டும். எங்கள் காரில் ஷூ நன்றாகவே இருந்தது, கேபிள்தான் தளர்ந்திருந்தது.

டிரம்மை மாட்டி, கால் பிரேக்கைச் சில முறை மிதித்தேன். லீவர் உறையைக் கழற்றியதும் உள்ளே நட்டு தெரிந்தது. அரைச் சுற்று இறுக்குவது, லீவரை இழுத்து எண்ணுவது என்று மாறி மாறிச் செய்தோம். கையேடு சொன்ன எண்ணிக்கைக்கு வந்ததும் நிறுத்தினோம். லீவரை இறக்கினால் சக்கரம் கையால் தடையின்றிச் சுற்றவேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஷூ உரசிச் சூடேறும், சீக்கிரம் தேயும்.

பொத்தான் வகை மின்னணு கை பிரேக்கில் நாமே கை வைக்கக்கூடாது. பழைய வகையிலும் சந்தேகம் இருந்தால் பட்டறையில் காட்டுங்கள்.

இப்போது நான் நிறுத்தும் முறையே வேறு. கால் பிரேக், ‘என்’, கை பிரேக். பிறகு காலை மெல்லத் தளர்த்திப் பார்ப்பேன். கார் அசையாவிட்டால்தான் ‘பி’. சில விநாடிதான் ஆகும். இன்று உங்கள் காரிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.