கிலோ ஒரு கோடி

கடலின் பெரிய உயிர்கள் – 14

ஜப்பானின் டாய்ஜி ஊரில், படகிலிருந்து நீரில் இறக்கிய உலோகக் குழாயைத் தட்டித் தட்டி, டால்பின்களைக் குடாவுக்குள் விரட்டிப் பிடிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். நம் கடற்கரையில் ஓங்கல் என்று சொல்கிறோமே, அதே உயிர்தான்.

இந்த வாரம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் குடியிருக்கும் பெங்களூருவே போதும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சென்னைக்குப் போனாலும் மங்களூருவுக்குப் போனாலும் சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். இங்கே 2021 ஆகஸ்டில் மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் ஐந்து பேரைக் கைது செய்தார்கள். பிடிபட்டது 80 கிலோ அம்பர்கிரிஸ். மதிப்பு 80 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள்.

செய்திகளில் இதைத் 'திமிங்கல வாந்தி' என்று எழுதுகிறார்கள். நாட்டு மருந்தில் மீனம்பர் என்பார்கள். உண்மையில் இது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் கட்டி. அந்தத் திமிங்கலத்துக்குக் கணவாய்தான் முக்கிய உணவு. கணவாயின் உடல் செரித்துவிடும். கிளிமூக்கு போன்ற அலகு செரிக்காது. குடலை உறுத்தும் அலகுகளைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு பொருள் படிந்து படிந்து இறுகுகிறது. எல்லாத் திமிங்கலத்துக்கும் இது உண்டாவதில்லை, நூற்றில் சிலவற்றுக்குத்தான். வெளியேறிய கட்டி கடலில் பல வருடம் மிதந்து, வெயிலும் உப்பும் பட்டு மணம் மாறுகிறது. அத்தரின் வாசனையை நிலைக்கச் செய்வதால் அரபு நாடுகளிலும் பிரான்ஸிலும் இதற்குத் தேவை இருந்தது. இன்று அந்த வேலையைச் செய்ய அம்ப்ராக்ஸான் என்ற செயற்கைப் பொருள் இருக்கிறது.

'தானாக வெளியே வந்ததுதானே, எந்தத் திமிங்கலத்தையும் கொல்லவில்லையே' என்று என்னிடம் நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேட்டைக் கப்பல்களின் காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கலத்தை அறுத்ததும் குடலைத் துழாவித் தேடியது இந்தக் கட்டியைத்தான். மிதந்து வந்ததா, வயிற்றைக் கிழித்து எடுத்ததா என்று வாங்குகிறவன் விசாரிக்க மாட்டான். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் தொழில்முறை வேட்டையில் செத்த திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். அவற்றில் ஏழரை லட்சத்துக்கு மேல் ஸ்பெர்ம் திமிங்கலங்கள். அதனால்தான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் அம்பரை வைத்திருப்பதே குற்றம்.

எனக்கு உறுத்துவது அந்த 'கிலோ ஒரு கோடி'. விற்கவே கூடாத பொருளுக்கு இந்தியாவில் சந்தை விலை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பறிமுதலுக்கும் இதே கணக்கு செய்தியில் வருகிறது. வலை வீசும் ஒருவர் அதைப் படித்தால், கரையில் ஒதுங்கிய கட்டியை வனத்துறையிடம் ஒப்படைக்க மனம் வருமா? எடையைச் சொன்னால் போதும். விலையைச் சொல்ல வேண்டாம் என்று காவல்துறையையும் பத்திரிகைகளையும் மன்றாடிக் கேட்கிறேன்.

ஜப்பான் வேட்டையை ஒளிவுமறைவின்றிச் செய்கிறது. வணிக வேட்டைக்கான தடை 1986இல் நடைமுறைக்கு வந்த பிறகு 'ஆய்வு' என்ற பெயரில் தொடர்ந்தது. ஆஸ்திரேலியா வழக்குப் போட்டது. அண்டார்டிக் கடலில் நடக்கும் வேட்டை அறிவியலுக்காக அல்ல என்று 2014 மார்ச் 31இல் சர்வதேச நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் நம் தல்வீர் பண்டாரியும் ஒருவர். 2019 ஜூன் 30இல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்திலிருந்தே ஜப்பான் விலகி, மறுநாளே தன் கடற்பகுதியில் வணிக வேட்டையைத் தொடங்கியது. போருக்குப் பிந்திய பசிக்காலத்தில் அந்த இறைச்சி ஜப்பானியப் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. இன்று அங்கே அதைச் சாப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு. எப்படியிருந்தாலும், ஒரு நாடு என்றால் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். கைமாறிக் கைமாறிப் பெங்களூரு வரை ஏறிவரும் ஒரு கட்டிக்காக யாரை நிறுத்திக் கேட்பது?

பிடிபடும் கட்டிகளில் போலிகளும் உண்டு. அசலா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அசலாக இருந்தால், உடைத்த இடத்தில் பெரும்பாலும் கறுப்பாகக் கணவாய் அலகுகள் தெரியும். சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் அந்தத் திமிங்கலம் இரை தேடியதன் மிச்சம் அது.

அடுத்த வாரம் மணப்பாடு: 2016 ஜனவரியில் கூட்டமாகக் கரையேறிய திமிங்கலங்களைக் கடலுக்குத் திருப்பி இழுத்துப்போன மீனவர்கள்.