அவிலா தெரேசா: ஜெபமும் சீர்திருத்தமும்

16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தம் என்றவுடன் நம் எண்ணம் விட்டன்பர்க், ஜெனீவா ஆகிய நகரங்களை நோக்கியே செல்கிறது. அதே நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில், உரோமத் திருச்சபைக்குள் நின்றுகொண்டே தம் துறவு சபையைச் சீர்திருத்திய தெரேசா அம்மையாரை (1515–1582) நம்மில் பலர் பெயரளவிலேயே அறிவோம். காட்சிகளும் பரவசங்களும் கண்ட மறைஞானி என்று ஒரே வரியில் அவரைக் கூறி முடித்துவிடுகிறோம். அவருடைய ஜெபம் எங்கே தொடங்கி, எங்கே தடைப்பட்டு, எதில் கனி தந்தது என்பதை ஆராய்ந்தால், திருப்பணியாளராகிய நமக்கு அதில் நேரடியான பாடம் உண்டென்பது விளங்கும்.

1. குடும்பமும் மடமும்

தெரேசாவின் பாட்டனார் யுவான் சான்செஸ் தொலேதோ நகர வணிகர். யூத சமயத்தினின்று கிறித்தவத்திற்கு வந்த மரபினர். மறைவாக யூத வழக்கங்களைக் கைக்கொண்டதற்காக 1485இல் சமய விசாரணை மன்றத்தால் பகிரங்கத் தண்டனைக்கு உள்ளானவர். ‘தூய இரத்தம்’ உடையோர்க்கே மதிப்பு என்றிருந்த நாட்டில், இக்குடும்பம் அவிலாவில் குடியேறி, பின்னர் வழக்காடி உயர்குடித் தகுதியை நிலைநாட்டிக்கொண்டது. பழைய வழக்காவணங்கள் 1946இல் வெளியிடப்பட்ட பின்னரே இது ஆய்வாளர்களிடையே பரவலாகத் தெரியவந்தது. குலப்பெருமையைத் தெரேசா தம் நூல்களில் இத்துணைக் கடுமையாகச் சாடுவதன் பின்னணியை இதில் நாம் காணலாம்.

1535இல் அவர் கார்மேல் சபையைச் சேர்ந்த மனுவுருவாதல் மடத்தில் சேர்ந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வாழ்ந்த அம்மடத்திற்குள்ளும் உலகின் ஏற்றத்தாழ்வு நுழைந்திருந்தது. செல்வக் குடும்பத்தார் தனி அறைகளில் வாழ்ந்தனர்; ஏழைகள் பொதுக்கூடத்தில் உறங்கினர்.

2. கைவிடப்பட்ட ஜெபம்

பிரான்சிஸ்கன் துறவியாகிய ஒசூனா எழுதிய நூலொன்றின் வாயிலாகத் தெரேசா உள்ளத்தில் அமைதியாக ஜெபிக்கும் முறையைக் கற்றார். 1539இல் கொடிய நோயுற்று நான்கு நாட்கள் உணர்விழந்து கிடந்தார். அவருக்குக் கல்லறையும் ஆயத்தமாயிருந்தது. பிழைத்தெழுந்தபின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் முடக்குவாதத்தால் வருந்தினார்.

உடல் தேறியபின் வேறொரு சோதனை வந்தது. பார்வையாளர் அறையின் உரையாடல்களில் மனம் பறிகொடுத்த தம்மைப் போன்ற பாவி, கடவுளோடு தனித்துப் பேசத் தகுதியற்றவள் என்று எண்ணித் தனிஜெபத்தைக் கைவிட்டார். ஓராண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாம் ஜெபிப்பதை நிறுத்திய பின்னரும் பிறர்க்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்துவந்தார்! அவரிடம் ஜெபம் கற்ற தந்தையோ அதில் வளர்ந்துகொண்டிருந்தார். 1543இல் தந்தை மறைந்தபின், டொமினிக்கன் குருவானவர் ஒருவரின் அறிவுரையால் தெரேசா மீண்டும் ஜெபத்திற்குத் திரும்பினார். தாழ்மை என்னும் போர்வையில் வந்த அச்சோதனையே தம் வாழ்வில் வந்தவற்றுள் மிகக் கொடியதென்று பிற்காலத்தில் எழுதினார்.

திரும்பியவுடன் பேரின்பம் கிட்டிவிடவில்லை. ஜெபவேளை எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காத்திருந்த நாட்கள் பலவென்று அவரே ஒளிவின்றி எழுதுகிறார். காயப்பட்ட கிறிஸ்துவின் உருவத்தின்முன் உள்ளம் உடைந்ததும், அகஸ்டினின் ‘அறிக்கைகள்’ நூலில் தம்மையே கண்டதும் ஏறத்தாழ 1554இல், அதாவது அவருக்கு நாற்பது வயதை நெருங்கும்போதுதான்.

3. பறிக்கப்பட்ட நூல்கள்

1559இல் விசாரணை மன்றம் தாய்மொழியிலிருந்த பக்திநூல்கள் பலவற்றையும் தாய்மொழித் திருமறையையும் தடை செய்தது. இலத்தீன் அறியாத பெண்களுக்கு இது வாசிப்பின் வாயிலையே அடைத்தது போலாயிற்று. நூல்களை இழந்து வருந்திய தமக்கு ஆண்டவரே உயிருள்ள நூலாய் அமைந்தார் என்று தெரேசா சான்று பகர்கிறார்.

எழுதுவதிலும் தடை இருந்தது. உன்னதப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய சிந்தனைகளை எரிக்குமாறு குருவானவர் ஒருவர் பணித்தார், அவரும் எரித்தார். பிறரிடமிருந்த படிகளால் அந்நூல் பிழைத்தது. அவருடைய தன்வரலாறு 1575இல் விசாரணை மன்றத்தின் கைக்குச் சென்றது. அவர் மறைந்து ஆறாண்டுகள் கழிந்தே, 1588இல், லூயி தெ லெயோன் என்னும் அறிஞர் அவர் நூல்களைப் பதிப்பித்தார். அவ்வறிஞரும் விசாரணை மன்றத்தின் சிறையில் பல ஆண்டுகள் இருந்தவரே.

4. நால்வகை நீர்

ஜெபத்தின் வளர்ச்சியைத் தெரேசா தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்கிறோம். உழைப்பு மிகுதி, நீர் குறைவு. அடுத்து, நீரிறைக்கும் சக்கரத்தால் குறைந்த உழைப்பில் மிகுந்த நீர் கிடைக்கிறது. மூன்றாவதாக, ஆறோ ஓடையோ தோட்டத்தில் பாய்கிறது. இறுதியில் மழை பெய்கிறது. அங்கே தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை. எந்நிலையிலும் தோட்டம் ஆண்டவருடையது. மழை அவருடைய கொடை. கிணறு வறண்டுபோனாலும் தோட்டக்காரன் தன் பணியை விட்டுவிடலாகாது என்பதே அவர் வற்புறுத்தும் கருத்து.

5. ஜெபத்தின் கனி

1562 ஆகஸ்ட் 24ஆம் நாள், நான்கு பெண்களுடன் புனித யோசேப்பின் மடத்தை அவிலாவில் நிறுவினார். பதின்மூவருக்கு மேற்படாத சிறு குடும்பம். நிலையான வருமானம் இல்லை. குலப் பட்டங்கள் இல்லை. தலைவியும் முறைவைத்துச் சமையலறையில் பணிசெய்ய வேண்டும். நகர மன்றம் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. எனினும் அடுத்த இருபதாண்டுகளில் வண்டியிலும் கோவேறு கழுதையிலும் பயணம் செய்து, அம்மடம் உட்பட 17 மடங்களை உருவாக்கினார்.

எதிர்ப்பும் வளர்ந்தது. அவருடைய உடன்பணியாளரான சிலுவையின் யோவானை 1577 டிசம்பரில் அவர்தம் சபையினரே பிடித்துச் சென்று தொலேதோவில் சிறைவைத்தனர். அமைதியற்று ஊர்சுற்றும் பெண் என்று போப்பாண்டவரின் தூதர் தெரேசாவைப் பழித்தார். இக்கொந்தளிப்பு மிகுந்த 1577ஆம் ஆண்டிலேதான், ஏழு வாசஸ்தலங்களைக் கொண்ட ‘அகக்கோட்டை’ நூலை எழுதினார். கடவுளிடம் நாம் கொண்ட அன்பை அளப்பது அரிது. அயலாரிடம் கொண்ட அன்போ கண்கூடாகத் தெரியும் என்று அதில் கூறுகிறார். ஏழாம் வாசஸ்தலத்தில் மார்த்தாளும் மரியாளும் இணைந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்கிறார். ஐக்கியத்தின் உச்சி நற்செயலில் வெளிப்படுகிறது.

6. நாம் சிந்திக்க வேண்டியவை

தெரேசா நம் முன்னோரைப் பகைவராகவே கருதினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரான்சில் ‘லுத்தரன்கள்’ செய்யும் அழிவுக்கு மாற்றாகத் தம் சகோதரிகள் ஜெபிக்க வேண்டுமென்று ‘நிறைவின் வழி’யில் எழுதினார், அங்கிருந்தோர் பெரும்பாலும் கால்வினின் வழிவந்தவர்கள் என்பதை அவர் அறியவில்லை. காட்சிகள், அடைப்புத் துறவு ஆகியவை பற்றி நாம் அவரோடு வேறுபடுகிறோம். உரோமத் திருச்சபையும் 1970இல்தான் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தது. அச்சிறப்பைப் பெற்ற முதற்பெண் அவரே.

ஆயினும் ஒரு கேள்வியை அவர் நம்முன் வைக்கிறார். ஞாயிறுதோறும் சபையாரை ஜெபத்தில் நடத்துகிறோம்; ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம்; வகுப்பறையில் அதன் இறையியலைக் கற்கிறோம். தனியறையின் ஜெபம் நின்றுபோயிருப்பினும் இவையனைத்தும் தடையின்றி நடைபெறக் கூடும். சபையார் அறியவும் மாட்டார்கள். தெரேசாவுக்கும் அவ்வாறே நடந்தது. தகுதி வந்தபின் ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை; தகுதியின்மையோடேயே திரும்பினார். அவர் செய்த சீர்திருத்தம் முழுவதும் அத்திரும்புதலுக்குப் பின் வந்ததே.