பின்னால் கேட்கும் ஊளை

ஐம்பது கிலோமீட்டர் வேகம் வரை சமர்த்தாக வரும் அம்பாசடர், அதைத் தாண்டியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஊளையிடத் தொடங்கும். "கிரவுன் பினியன் போச்சு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் அம்பாசடரைக் கொண்டுவந்தது. உத்தர்பாடா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இத்தனை காலமும் அதன் பின்பக்க ஏற்பாட்டின் அடிப்படை ஒன்றுதான்: ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்த ஒற்றை இரும்பு ஆக்சில், அதன் நடுவில் புடைத்த கூடு. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சிறிய பினியன் வாங்கி, பெரிய கிரவுன் சக்கரத்துக்குக் கொடுத்துக் குறுக்கே திருப்புகிறது. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு வழிவிடுவது கிரவுனோடு சேர்ந்து சுழலும் டிஃபரன்ஷியல். பிரான்சின் கடிகாரக் கைவினைஞர் பெக்கர் 1827-இல் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை இது.

பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருந்துகிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எஞ்சின் ஆயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. நெடியடிக்கும் கியர் ஆயில் தேவைப்படுவது இதனால்தான். ஆகவே முதல் வேலை கூட்டின் பிளக்கைக் கழற்றி ஆயில் மட்டத்தைப் பார்ப்பது. டிக்கியில் உருளும் ஜாக்கியையும் அப்போதே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அந்தச் சத்தத்துக்காக ஆக்சிலையே கழற்றியவர்கள் உண்டு!

பிறகு சாலை. பென்னாகரத்திலிருந்து ஏரியூர் பக்கம் ஏறி இறங்கிப் போகும் சாலை இதற்குத் தோதானது. ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். சுருதி மாறினால் சத்தம் எஞ்சின் பக்கத்தது. மாறாவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேட வேண்டும். தார் மாறும் இடத்தில் சத்தமும் மாறினால் குற்றவாளி டயர்.

அடுத்தது ஏற்றமும் இறக்கமும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்குகிறது. கியரிலேயே இறங்கும்போது மறுமுகம். ஒரு பக்கச் சுமையில் மட்டும் ஊளை கேட்டால் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டிலும் கேட்டால் முதலில் பேரிங்குகளைச் சந்தேகிக்கலாம். இறக்கம் கிடைத்ததென்று நியூட்ரலில் உருட்டிச் சோதிக்க வேண்டாம். இறக்கத்து விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயை அறிந்த தருமபுரிக்காரர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

சுருதிக்கும் கணக்கு உண்டு. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 7 சுற்று சுற்றும். கிரவுனில் 41 பல் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 290 முறை பல்லோடு பல் சேர்கிறது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதைப்போல அது ஒரே சுருதியில் நீளும். சக்கர பேரிங் கெட்டால் அதைவிடக் கனத்த உறுமல்தான் வரும். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தில் இறங்கும். அப்போது உறுமல் கூடினால் வல பேரிங்கைப் பாருங்கள். கிளம்பும்போது "டொக்" என்று ஒரே அடி மட்டும் கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பை முதலில் அசைத்துப் பார்க்க வேண்டும். மலிவான பழுது, விலையுயர்ந்த பழுதின் குரலில் பேசும்.

பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கூட்டில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வழி. சுழலும் பாகங்களுக்கு அருகே நடக்கும் வேலை. தெரிந்தவர் மட்டும் செய்யட்டும். அங்கே பற்களுக்குச் சுமை இல்லை என்பதால், பேரிங்கின் குரல் தெரியுமே தவிர சாலையில் கேட்ட ஊளை வராமலும் போகலாம்.

கூட்டைத் திறப்பது இத்தனைக்கும் பிறகுதான். பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றினால், அவை எங்கே உரசுகின்றன என்பது தடமாகத் தெரியும். தடம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் மெல்லிய ஷிம் தகடுகளால் பினியனை முன்பின் நகர்த்த வேண்டும். பற்களுக்கு இடையிலான தளர்வு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் நிற்க வேண்டும். புதிதாகவே மாற்றுவதானால் சென்னை புதுப்பேட்டையில் பினியனை மட்டும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. ஒரு ஜோடியின் பினியன் இன்னொன்றின் கிரவுனோடு சேர்ந்தால் புது ஊளையைக் காசு கொடுத்து வாங்கியதாகும்.