கூரையின்கீழ்க் காய்கறி நாற்று வளர்த்தல்

லக்கலப் பகுதியிலே காய்கறி பயிரிட முதன்முதலாக முயல்வோர் பெரும்பாலும் விதையின்மேற் பழி கூறுவர். விதை முளைத்தது, ஈரிலை விரிந்தது, ஒரு வார அடைமழைக்குப் பின் மேடை வெறுமையாயிற்று என்பது அவர்தம் முறைப்பாடு. முளைத்த விதையிற் குற்றமில்லை. நாற்றழுகல் நோயே காரணமாகும். மண்ணிலுள்ள பிதியம் முதலிய பூசணங்கள் ஈரம் மிகுந்தவிடத்து இளந்தண்டை மண்மட்டத்தில் தாக்குகின்றன. அவ்விடம் நூல்போல மெலிய, நாற்றுச் சாய்ந்து மடியும். சாய்ந்த நாற்றை எம்மருந்தும் நிமிர்த்தாது.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழ்ச்சரிவிலுள்ள இப்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரை பெருமழை பெறுகின்றது. பெரும்போக நாற்று வளர்க்கும் காலமும் அம்மழையின் தொடக்கமே. அப்பொழுது மேடை அழிந்தால் நடுகை ஒரு மாதம் பிந்திவிடும். 2018 ஆம் ஆண்டில் நீர் தேக்கப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய வளவுகளை விட்டுப் புதுக்காணியிற் குடியேறியோர்க்கு இது சிறு நட்டமன்று. வைத்த மரங்கள் நிறையக் காய்க்கும்வரை கறிக்கும் கைச்செலவுக்கும் காய்கறியே துணை.

ஆகவே கூரை வேண்டும். குளிர்நாட்டார் கண்ணாடி மனை அமைப்பது வெப்பத்தை அடைத்துவைத்தற்காம். நமக்கு வெப்பத்திற் குறைவில்லை. மழையைத் தடுப்பதே தேவை. இவ்வேறுபாட்டை உணராது, பயிற்சிக் காலத்தில் யான் நாற்புறமும் பொலித்தீனால் அடைத்து ஒரு மனை அமைத்தேன். நண்பகலில் உள்ளே நிற்க இயலவில்லை. கூரையின் உட்புறத்திற் திரண்ட நீர் நாற்றின்மேற் சொட்டி, மழை செய்யும் வேலையைத் தானே செய்து முடித்தது! எனவே மேலே ஒளிபுகும் பொலித்தீனும் பக்கங்களில் நுண்ணிய வலையும் போதும். தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெண்ஈயை அவ்வலை தடுக்கும்.

3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 15 சதமமீற்றர் உயரமுமான மேடை ஒரு குடும்பத்திற்குப் போதுமானது. ஒருபுறக் கம்பங்கள் 2 மீற்றரும் மறுபுறத்தன 1½ மீற்றருமாயின் மழைநீர் கூரையிலே தேங்காது வழிந்தோடும். அந்நீர் மேடையின் அடியை நனையாவண்ணம் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுக.

மேல்மண்ணையும் நன்கு மக்கிய கூட்டெருவையும் சமமாகக் கலந்து மேடையிடுக. அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி, காற்றுக்கு எதிர்முகமாகத் தீயிட்டு மெல்ல எரித்தால் மேல்மண்ணிலுள்ள பூசணங்கள் பெரும்பாலும் அழியும். இதனைப் பொலித்தீன் ஏற்றுமுன் செய்தல் வேண்டும் என்று கூறத் தேவையில்லை, எனினும் கூறிவைக்கின்றேன்.

மண் ஆறியபின், 10 சதமமீற்றர் இடைவெளியிற் கோடிட்டு, 1 சதமமீற்றருக்கு மேற்படாத ஆழத்தில் விதையை ஐதாகத் தூவுக. நெருக்கம் நோய்க்கு நண்பன். தக்காளியில், பற்றீரியா வாடல் நோயைத் தாங்கும் ‘திலின’ இனம் தொடக்கக்காரருக்கு ஏற்றது. விதைத்த மேடையை வைக்கோலால் மூடி, முளை கண்ட அன்றே அதனை நீக்குக; ஒருநாள் பிந்தினும் தண்டு வெளிறி நீளும். பூவாளியாற் காலையில் மாத்திரம் நீர் விடுக. விரலாற் தொட்டு, மண் ஈரமாயிருப்பின் அன்று விடவேண்டா.

தக்காளி 3 முதல் 4 வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் 4 முதல் 5 வாரத்திலும் நடுகைக்கு ஆகும். இறுதி வாரத்தில் நீரைக் குறைத்து, மழையில்லாப் பொழுதிற் கூரையைச் சுருட்டி வெயில் காட்டுக. மாலையிலே பிடுங்கி நடுக. போஞ்சி, வெண்டி, பயிற்றை என்பவற்றுக்கு இம்மனை வேண்டா. அவற்றை நடுநிலத்தில் நேரே விதைக்கலாம்.